கரை பாடும் வரி

மதுரையில் ஒருவர் செத்துப்போனால் சொந்தக்காரர்களுக்குத் தெரிகிறதோ இல்லையோ, சுவர்களுக்குத் தெரிந்துவிடும். விடிவதற்குள் போஸ்டர் ஏறியாக வேண்டும். யாருடைய போஸ்டர் முதலில் ஏறுகிறதோ அவர்தான் செத்தவருக்கு நெருக்கம் என்பது இந்த ஊர்க் கணக்கு. இரண்டாவதாக ஒட்டுகிறவன் கூடப்பிறந்தவனாகவே இருந்தாலும் ஒரு மாற்றுக் குறைவுதான்.

அப்படி ஓர் அவசரத்தில்தான் அவனியாபுரம் அருள்பாண்டி, உயிரோடு இருந்த ஒரு மனிதருக்குக் கண்ணீர் அஞ்சலி ஒட்டினான். அதுவும் யாருக்கு? பெற்ற தகப்பனுக்கு அடுத்தபடியாக அவன் நெஞ்சில் வைத்திருந்த ஆளுக்கு.

அருள்பாண்டி கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறை வைத்திருக்கிறான். நாற்பதைத் தாண்டிவிட்டான், மீசையில் நரை விழுந்துவிட்டது, மகள் அஸ்வினி காலேஜ் போகிறாள். ஆனால் எழுகடல் என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால் போதும், வேலையைப் போட்டுவிட்டுப் பேச உட்கார்ந்துவிடுவான். வண்டிக்காரர் வாசலில் நின்று கத்தினாலும் காதில் ஏறாது.

எழுகடல் ஒரு பாட்டுக் குழு. மதுரைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. எழுகடல் தெருவில் ஒரு பாத்திரக்கடை மாடியில் ஒத்திகை பார்த்த பையன்கள், அந்தத் தெருப் பெயரையே எடுத்து வைத்துக்கொண்டார்கள். மற்ற குழுக்கள் எல்லாம் திருவிழா மேடைகளில் சினிமாப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் சொந்தமாகப் பாட்டுக் கட்டினார்கள். ஷேர் ஆட்டோ நெரிசல், பாலிடெக்னிக் அரியர், வைகையில் ஓடாத தண்ணீர், இதெல்லாம்தான் பாட்டு. பாடியவர் கிறிஸ்துராஜ். எல்லோருக்கும் ராஜ் அண்ணன். இருபது வருஷத்துக்கு முன்னால் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் எந்த ஷேர் ஆட்டோவில் ஏறினாலும் அவர் குரல்தான் கேட்கும். கொஞ்சம் கரகரப்பான குரல். பக்கத்து வீட்டு அண்ணன் மொட்டைமாடியில் பாடுகிற மாதிரி இருக்கும்.

மேடையில் அவர் ரசிகர்களைக் கரை என்று கூப்பிடுவார். "கடல் இங்கிட்டு, கரை அங்கிட்டு" என்று சொல்லித்தான் கச்சேரியை ஆரம்பிப்பார். கடைசியாகப் பஸ் பாட்டு. வழியனுப்ப ஒரு ஆள்கூட இல்லாமல் ஊரைவிட்டுப் போகிறவன் ஜன்னலோரமாக உட்கார்ந்து பாடுகிற பாட்டு அது.

"வண்டி கிளம்பிப் போகுதப்பா, வாசல் யாரும் பாக்கலப்பா, கையக் காட்ட ஆளுமில்ல, கண்ணத் தொடைக்க நேரமில்ல" என்று பாடிவிட்டு ராஜ் அண்ணன் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவார். அடுத்த வரியை அவர் ஒருநாளும் பாடியதில்லை. அது கரை பாட வேண்டிய வரி. "எறங்கி வாடா, நாங்க இருக்கோம்!" என்று ஆயிரம் தொண்டைகள் அடிவயிற்றிலிருந்து கத்தும். சிடி போட்டபோதுகூட அந்த இடத்தைக் காலியாகவே விட்டார்கள். டிரம் மட்டும் தட்டிக்கொண்டிருக்கும். கேட்கிறவன்தான் பாடி நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அந்த வரிதான் அருள்பாண்டியை உயிரோடு வைத்திருக்கிறது. இது அலங்காரப் பேச்சு இல்லை. இருபது வயதில், அப்பா செத்து, படிப்பும் கெட்டு, ஒரு சாயங்காலம் இனி இருந்து பிரயோசனம் இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பியவன் அவன். மாட்டுத்தாவணிக்கு நடந்து போகிற வழியில் புதூரில் மாதா கோயில் திருவிழா, மேடையில் எழுகடல் கச்சேரி. கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. விலக வழியில்லாமல் நின்றவன் காதில் பஸ் பாட்டு விழுந்தது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அவனைச் சுற்றி நின்று, எறங்கி வாடா, நாங்க இருக்கோம் என்று கத்தினார்கள். ஒருவன் இவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு கத்தினான். அருள்பாண்டி அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். பிறகு வீட்டுக்குத் திரும்பிச் சோறு சாப்பிட்டான். இதை அவன் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

குழு கலைந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒருவர் துபாய் போனார், ஒருவருக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது, கலைவதற்குப் பெரிய காரணமா வேண்டும்? ராஜ் அண்ணன் கீழக்குயில்குடிப் பக்கம் குடிபோய்விட்டார் என்று மட்டும் கேள்வி. யாரும் போய்ப் பார்த்ததில்லை. அதற்குக் காரணம் ரசிகர் சங்கத் தலைவனாக அருள்பாண்டி போட்ட சட்டம். ராஜ் அண்ணனின் தாயார் இறந்த அன்று ரசிகர்கள் வீட்டுக்குள் புகுந்து, பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவரோடு செல்போனில் படம் பிடித்தார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "வீட்டுலயாவது என்னைய விடுங்கப்பா" என்று அழுதார். அன்றிலிருந்து கரையில் உள்ளவன் எவனும் அவர் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, போன் போடக் கூடாது. மீறினால் சங்கத்தைவிட்டு நீக்கம். நல்ல சட்டம்தான். ஆனால் அதுவே குழி பறித்தது.

கரை என்ற பெயரிலேயே ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் சூரியபிரகாஷ் ஒரு மத்தியானம் அதில் செய்தி போட்டான். ராஜ் அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோயாம், ஆஸ்பத்திரியில் கைவிட்டு ஆம்புலன்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம், எல்லாம் முடிந்துவிட்டதாம். யாரோ பார்த்தவர் சொன்னது. வேறு யாராக இருந்தாலும் ஒரு போன் போட்டு விசாரித்திருப்பார்கள். இவர்களுக்குச் சட்டம் இருக்கிறதே, யார் போடுவது? அருள்பாண்டி பட்டறைத் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அழுத கையோடு அச்சகத்துக்கு ஓடினான். வேறு எவனாவது முந்திக்கொண்டால்?

விடிந்தபோது மாட்டுத்தாவணி முதல் நாகமலைப் புதுக்கோட்டை வரை ராஜ் அண்ணன் சுவரெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார். மைக்கும் கையுமாக இருக்கிற பழைய படம். 'கடல் வற்றியது, கரை கதறுகிறது' என்று கொட்டை எழுத்து. மாலையில் பழங்காநத்தம் மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம் என்று கீழே போட்டிருந்தது. அதற்கும் கீழே கைகூப்பியபடி அருள்பாண்டியின் படமும் போன் நம்பரும்.

காலையில் அந்த நம்பருக்கு ஒரு அழைப்பு வந்தது.

"நான் ரூத் பேசுறேன். கிறிஸ்துராஜோட வீட்டுக்காரம்மா."

அருள்பாண்டிக்கு எழுந்து நிற்கத் தோன்றியது. "அக்கா, என்னக்கா சொல்றது, எங்களையெல்லாம் இப்படி அனாதையா விட்டுட்டு..."

"அவரு இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. சட்னியில உப்பு இல்லைன்னு எழுதிக் காட்டுறாரு."

அருள்பாண்டிக்குக் காது அடைத்துக்கொண்டது. அந்த அம்மாள் கத்தவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர், அமைதியாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் சுட்டது.

"பால் வாங்கப் போறப்ப சுவத்துல பார்த்தேன். எங்க ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் போன் போட்டு எனக்கு ஆறுதல் சொல்றாங்க. குரல்வளைய எடுத்துட்டாங்க, பேச முடியாது. நோவு திரும்ப வந்துருச்சு, இனி மருந்து இல்லைன்னுதான் வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க. சாயங்காலம் ஆனா மலையடிவாரம் வரைக்கும் நடப்பாரு. அதுக்குள்ள அத்தனையும் கிழிச்சிருங்க. இல்லைன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அருள்பாண்டி சிநேகிதன் காளையைக் கூப்பிட்டான். காளை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், பிளஸ் டூவிலிருந்து கூட்டாளி. ராத்திரி ஒட்டும்போதும் அவன் வண்டிதான். இரண்டு பேரும் பெயிண்ட் சுரண்டுகிற தகடுகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பாசத்தில் ஒட்டிய போஸ்டர் லேசில் வருமா? மைதாப் பசையைக் கெட்டியாகக் காய்ச்சி ஒட்டியிருந்தான். நகம் பெயர்ந்ததே தவிர ராஜ் அண்ணன் பெயரவில்லை. கண் ஒரு பக்கம் வரும், சிரிப்பு சுவரிலேயே நிற்கும்.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் வாசலில் ஒரு வியாபாரி ஓடிவந்து அருள்பாண்டியின் சட்டையைப் பிடித்தார்.

"செத்தவரு போஸ்டரையாடா கிழிக்கிறீங்க? நீங்கல்லாம் சோத்தத்தான் திங்கிறீங்களா? அவரு பாட்டக் கேட்டுத்தாண்டா நான் வளந்தேன்!"

"அண்ணே, ஒட்டுனதே நான்தாண்ணே. கீழ பாருங்க, என் போட்டோ."

"அப்ப எதுக்குடா கிழிக்கிற?"

உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல அருள்பாண்டிக்கு வாய் வரவில்லை. சொன்னால் உரித்துவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம், தன் கூமுட்டைத்தனத்தை எண்ணி வெட்கம் ஒரு பக்கம். எழுத்துப் பிழை, திருத்தி ஒட்டப்போகிறோம் என்று காளைதான் சமாளித்தான். மண்டபத்துக் கூட்டத்தை ரத்து செய்து செய்தி போட வேண்டும், அதை எப்படி எழுதுவது என்று யோசித்தபடியே அருள்பாண்டி ஊரைச் சுரண்டிக்கொண்டு போனான்.

கீழக்குயில்குடிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. சமணமலை அடிவாரத்துக் குளத்துக்குப் போகும் வழியில் ஒரு மோட்டார் ரூம் சுவர். அதில் ஒரு போஸ்டர், அதற்கு முன்னால் ஒல்லியாக ஒரு ஆள். கழுத்தைச் சுற்றித் துண்டு, கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற சிலேட்டு. தலையைச் சாய்த்து நிதானமாகத் தன்னுடைய அஞ்சலியைப் படித்துக்கொண்டிருந்தார்.

அருள்பாண்டி வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து ஓடிப்போய் அவர் காலில் விழுந்தான். "அண்ணே, மன்னிச்சிருங்கண்ணே. நான் பாவிண்ணே."

ராஜ் அண்ணன் அவனைத் தூக்கி நிறுத்தினார். முகத்தைப் பார்த்தார், போஸ்டரின் அடியில் இருந்த முகத்தைப் பார்த்தார், சிரித்தார். சிரிப்புக்குச் சத்தம் இல்லை. துண்டுக்கு அடியில் காற்று புஸ்ஸென்று வந்தது. சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'என் போட்டோ நல்லா இருக்கு. உன்னுதுதான் சரியில்ல.'

அருள்பாண்டி அழுதுகொண்டே சிரித்தான். அவர் எழுத்தை அழித்துவிட்டு மறுபடி எழுதினார்: 'கூட்டத்துக்கு எம்புட்டுப் பேரு வருவாங்க?'

"திண்டுக்கல்லுல இருந்தெல்லாம் கிளம்பிட்டாய்ங்கண்ணே. இப்ப நிறுத்தச் சொல்லிருறேன்."

'நிறுத்தாத.'

அருள்பாண்டிக்கு விளங்கவில்லை. அவர் சிலேட்டைத் தொடையில் வைத்து மெதுவாக எழுதினார். பதினைந்து வருஷமாகத் தன் பாட்டை யாரும் பாடி அவர் கேட்டதில்லையாம். மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தாராம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கரை பாடுவதைக் கேட்க வேண்டும்.

"அப்ப நேரா வாங்கண்ணே, மேடையில ஏத்துறேன். மண்டபமே இடிஞ்சு போகும்."

ராஜ் அண்ணன் துண்டை விலக்கிக் காட்டினார். கழுத்தில் ஒரு ஓட்டை. இதைக் கொண்டா மேடையேறுவது என்பது போலப் பார்த்தார். பிறகு எழுதினார்: 'ஒரு சாயங்காலம் மட்டும் செத்தவனா இருந்துக்கிறேன்.'

முடியாது என்று அருள்பாண்டி சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேரை ஏமாற்றுகிற காரியம் அது என்று அவனுக்கு அப்போதே தெரியும். ஆனால் தன்னை வாழவைத்த மனிதர் வாயில்லாமல் நின்று கேட்கும்போது யாரால் முடியும்? சரி என்று தலையை ஆட்டினான்.

பழங்காநத்தம் மண்டபத்துக்கு எதிரே காளையின் ஷேர் ஆட்டோ நின்றது. ரெக்சின் திரையை இறக்கிவிட்டு உள்ளே ராஜ் அண்ணனும் ரூத்தும் உட்கார்ந்திருந்தார்கள். ரூத்துக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. புருஷனைத் தனியே விட மனமில்லாமல் வந்திருந்தார்.

மண்டபம் கொள்ளவில்லை. சாலை வரை ஆள். பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்கள். விளக்குத்தூண் பக்கம் துணிக்கடையில் வேலை பார்க்கும் பீமாராவ் தலையை மொட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பெற்ற அப்பாவுக்குப் போடுகிற மொட்டை. மாலை போட்ட படத்துக்கு முன்னால் ஒவ்வொருவராக வந்து அழுதார்கள். ஒரு அம்மாள், அவர் பாட்டைக் கேட்டுத்தான் பிரசவ வலியைத் தாங்கினேன் என்றார். ஒருவர் ஜெயிலில் இருந்தபோது ராத்திரியெல்லாம் பஸ் பாட்டை முணுமுணுத்ததாகச் சொன்னார். இத்தனை கண்ணீரும் நிஜம், காரணம்தான் பொய். அதுவும் முழுப் பொய் இல்லை.

கடைசியில் பஸ் பாட்டைப் போட்டார்கள். அருள்பாண்டி நழுவி ஆட்டோவுக்கு ஓடினான். திரையை விலக்கினான். ராஜ் அண்ணன் முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். உதடு பாடிக்கொண்டிருந்தது. கண்ணத் தொடைக்க நேரமில்ல என்று உதடு முடிந்ததும் அவர் கை தானாக மைக்கை நீட்டுவது போல மண்டபத்தின் பக்கம் நீண்டது.

"எறங்கி வாடா, நாங்க இருக்கோம்!"

ஆட்டோவின் தகரம் அதிர்ந்தது. ராஜ் அண்ணனின் உடம்பெல்லாம் குலுங்கியது. கண்ணீர் கழுத்துத் துண்டை நனைத்தது. ரூத் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்ததையெல்லாம் உங்களுக்குக் குடுத்துட்டாரு," என்றார் ரூத், அருள்பாண்டியைப் பார்க்காமலே. "எனக்கு மிச்சம் இந்தச் சிலேட்டுதான்."

ராஜ் அண்ணன் சிலேட்டை எடுத்தார். எழுத்து கோணலாக விழுந்தது. 'நெசமாப் போறப்பவும் கரை வரணும்.'

"வரும்ணே. நான் கூட்டிட்டு வாரேன்." அருள்பாண்டி சிலேட்டின் மேல் கையை வைத்துச் சத்தியம் செய்தான். கையை எடுத்தபோது எழுத்து பாதி அழிந்து உள்ளங்கையில் ஒட்டியிருந்தது.

உண்மை எத்தனை நாள் ஒளிந்திருக்கும்? சில வாரம் கழித்து ஒரு ஆஸ்பத்திரி வாசலில் ராஜ் அண்ணன் வீல்சேரில் போவதைப் பீமாராவ் பார்த்துவிட்டார். வீடியோ எடுத்துக் குரூப்பில் போட்டார். முதலில் எல்லோருக்கும் சந்தோஷம், வெடி வெடிக்காத குறை. அன்று பூராவும் கொண்டாட்டம். மறுநாள் யாரோ கேட்டார்கள், அப்படியானால் அஞ்சலிக் கூட்டம் நடக்கும்போது அருள்பாண்டிக்குத் தெரியுமா தெரியாதா? மாட்டுத்தாவணி பூ வியாபாரி தான் பார்த்ததைச் சொன்னார். காலையிலேயே போஸ்டரைக் கிழித்தவனுக்குச் சாயங்காலம் எப்படித் தெரியாமல் இருக்கும்?

பீமாராவ் பட்டறைக்கே வந்தார். மொட்டைத் தலையில் அப்போதுதான் கருமை தட்டியிருந்தது.

"தெரியுமா அருளு?"

தெரியும் என்றால், ஏன் நடத்தினாய் என்று கேட்பார்கள். ராஜ் அண்ணன்தான் கேட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவன் தப்பித்துவிடலாம். ஆனால் பழி அவர் மேல் போகும். சாகக் கிடக்கிற மனிதர், நம்மை அழவைத்து ஒளிந்திருந்து வேடிக்கை பார்த்தார் என்று பேசுவார்கள். அதை அருள்பாண்டியால் தாங்க முடியாது.

"தெரியும்ணே. கூட்டம் கூடிருச்சே, கெடுக்க வேணாம்னு நான்தான் நடத்துனேன். தப்பு என்னோடதுதான்."

"எங்கப்பன் செத்தப்பக்கூட நான் அப்படி அழுகல. அம்புட்டுப் பேரு கண்ணீரையும் வாங்கி உன் பேருக்குப் பூசிக்கிட்ட." பீமாராவ் காறித் துப்பினார். பட்டறை வாசலில்தான் துப்பினார், ஆனால் முகத்தில் விழுந்த மாதிரிதான் இருந்தது.

குரூப்பிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கடைசியில் அருள்பாண்டியும் காளையும் இன்னும் சில செத்துப்போன நம்பர்களும்தான் மிச்சம்.

ராஜ் அண்ணன் ஐப்பசியில் போனார். மழைகூட இல்லை, சாக்குச் சொல்ல. விடிகாலையில் ரூத்திடமிருந்து போன் வந்தது. "போயிட்டாரு தம்பி. மூணு மணிக்கு அடக்கம். உங்க ஆளுகளுக்குச் சொல்லிருங்க." குரலில் பழைய கோபம் இல்லை. அதற்கெல்லாம் தெம்பு இல்லாமல் போயிருந்தது.

அருள்பாண்டி அச்சகத்துக்கு ஓடினான். அச்சகக்காரர் கனகலட்சுமி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஒரே ஆளை எத்தன வாட்டிப்பா சாகடிப்ப? போன வாட்டியே என்னைய வந்து ஏசிட்டுப் போனாய்ங்க. டெத் சர்டிபிகேட்டைக் கொண்டா, அடிக்கிறேன்."

அதற்குள் எங்கே போவது? செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். சூரியபிரகாஷ் எடுத்தான், கேட்டான், பெருமூச்சு விட்டான். "மாப்ள, ஒருவாட்டி அழுதாச்சுடா. மறுபடி அழுக என்னால ஆகாது. இது நெசம்னா ஆண்டவன் அவருக்கு நல்ல கதி குடுக்கட்டும்." வைத்துவிட்டான். கண் மூடிய முகத்தின் படத்தை ஒவ்வொருவருக்காக அனுப்பினான் அருள்பாண்டி. ரூத்திடம் கெஞ்சிக் கேட்டு வாங்கிய படம். பதில் வந்தது: 'இதெல்லாம் இப்ப கம்ப்யூட்டரே செஞ்சு தருது.' இன்னொருவர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். எவர் வீட்டுப் பிணத்துக்கோ சிரிப்புப் பொம்மை.

பீமாராவ் கடைக்கு நேரிலேயே போனான். கல்லாவுக்கு முன்னால் ஆட்கள் பார்க்க அவர் காலைத் தொட்டான். பீமாராவ் காலை இழுத்துக்கொண்டார்.

"என் பிள்ளைக மேல சத்தியமாண்ணே. நெசமாவே போயிட்டாரு. மூணு மணிக்கு எடுக்குறாங்க."

"முடி இப்பத்தாண்டா மொளைச்சிருக்கு," என்றார் பீமாராவ். ஒரு சேலையை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிட்டார். அருள்பாண்டி வெகுநேரம் நின்று பார்த்தான். அவர் மடித்த சேலையையே பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் காளை ஆட்டோவோடு காத்திருந்தான். உள்ளே வேப்பமரத்தடியில் பங்குக் கோயிலிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசை வரிசையாகப் போட்டிருந்தன. ரூத், அவருடைய தம்பி, பள்ளிக்கூடத்திலிருந்து கொஞ்சம் டீச்சர்கள், ஃபாதர், குழி வெட்டிய இரண்டு பேர். மற்ற நாற்காலிகளில் வேப்பம்பழுப்பு விழுந்து கிடந்தது. ஒரு ஓரத்தில் பெரிய எவர்சில்வர் டீ டிரம், பக்கத்தில் பேப்பர் கப் அடுக்கு.

ரூத் எழுந்து வந்தார். "எங்க, உங்க ஆளுக வேன்ல வாராங்களா? ஃபாதர் ஆரம்பிக்கலாமான்னு கேட்டாரு. கரை வரட்டும்னு நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன்."

அருள்பாண்டி காலி நாற்காலிகளைப் பார்த்தான். ரூத் அவன் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். கைப்பையிலிருந்து சிலேட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"கடைசியா எழுதுனது. அழிக்க மனசு வரல."

'கரைக்கு டீ சொல்லிரு' என்று எழுதியிருந்தது.

அருள்பாண்டிக்கு அந்த நிமிஷம் தானும் அந்தக் குழிக்குள் இறங்கிவிடலாம் என்று இருந்தது. யாரைக் குறை சொல்வது? அவர்கள் வரவில்லை என்றால், அன்பு இல்லாமல் இல்லை. இருந்த அன்பையெல்லாம் ஒரு பொய்ச் சாவுக்குச் செலவழிக்க வைத்துவிட்டு, நிஜச் சாவுக்கு வெறும் கையோடு வந்து நிற்கிறவன் அவன்தானே.

ஃபாதர் ஜெபத்தை முடித்தார். கயிறு கட்டிப் பெட்டியை இறக்கினார்கள். காளை ஆட்டோவை மதில் ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்திப் பஸ் பாட்டைப் போட்டான். இருபது வருஷத்துக்கு முந்தைய குரல் கல்லறைகளுக்கு மேலாக வந்தது. டீச்சர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கையக் காட்ட ஆளுமில்ல, கண்ணத் தொடைக்க நேரமில்ல. பிறகு அந்த இடம் வந்தது.

டிரம் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. அருள்பாண்டி வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. யாரும் பாடவில்லை. காலி இடம் அப்படியே கடந்துபோய், கிடார் வந்து, பாட்டு முடிந்தது.

மண்வெட்டிக்காரர் ரூத்தைப் பார்த்தார். "மூடிரலாமாம்மா?"

"இருங்க." ரூத் அருள்பாண்டியிடம் திரும்பினார். "கரைன்னா நீங்கதானே தம்பி. திருப்பிப் போடச் சொல்லுங்க."

காளை திரும்பவும் போட்டான். இந்தத் தடவை அந்த இடம் வந்தபோது அருள்பாண்டி பாடினான். அவனுக்குப் பாட வராது, ஒருநாளும் வந்ததில்லை. ஆயிரம் பேர் நடுவில் அது யாருக்கும் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். எறங்கி வாடா, நாங்க இருக்கோம் என்று சுருதி கெட்டு, ஒற்றைக் குரலில், குழியைப் பார்த்துக் கத்தினான். நாங்க என்று சொல்லும்போது குரல் உடைந்தது. ஆனாலும் சொல்லி முடித்தான்.

மண் விழுந்தது. டீச்சர்கள் ரூத்தின் கையைப் பிடித்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ரூத்தின் தம்பி டீ டிரம்மைக் காட்டி, இதை என்ன செய்வது, கீழே கொட்டிவிடலாமா என்று கேட்டார்.

"வேணாம். கரைக்குச் சொன்ன டீ. கரைக்கே குடுங்க," என்றார் ரூத்.

காளை ஒரு கப்பில் பிடித்து அருள்பாண்டியிடம் கொடுத்தான். மத்தியானம் போட்ட டீ, ஆறி ஆடை கட்டியிருந்தது. அருள்பாண்டி ஒரே மடக்கில் குடித்தான். கப்பை நீட்டினான். மறுபடியும் குடித்தான், மறுபடியும் நீட்டினான். குழிக்காரர்கள் கையைக் கழுவிவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். குமட்டிக்கொண்டு வந்தது, வாயைத் துடைத்துக்கொண்டான்.

"போதும்டா மாப்ள," என்றான் காளை. "விட்டுரு."

"இன்னும் நிறைய பேரு இருக்காய்ங்கடா," என்றான் அருள்பாண்டி. "ஊத்து."